வெளிச்சம் தெரிகிற தூரம்

மன்னாரிலிருந்து தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் எங்கள் அரிப்பு இருக்கிறது. அங்கிருந்து சிலாவத்துறை, கொண்டச்சி, முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டி என்று இறங்கிப் போனால் வில்பத்துக் காடு வந்துவிடும். இவ்வளவும் சேர்ந்ததுதான் முசலிப் பிரதேசம். எங்களுக்குச் சூரியன் கடலுக்குள்தான் மறையும். அது மறைந்தபின் வரும் இருட்டை அறியாத பெண் இந்தக் கரையில் இல்லை.

சென்ற ஆண்டு, 2025 மே மாதத்தில், நானும் சிலாவத்துறையிலுள்ள ராத்தாவும் கொழும்புக்குப் போனோம். எங்கள் மகளிர் குழு பனையோலையில் பின்னிய விளக்குக் கூடுகளை அங்கே ஒரு கடை வாங்கிக்கொண்டிருந்தது. மேலும் முப்பது கூடுகள் வேண்டுமென்றும், மாதிரிகளைக் கொண்டு வரும்படியும் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் இடம் பிடித்த பிறகுதான், அடுத்த நாள் 12ஆம் திகதி வெசாக் போயா என்பதும், இரண்டு நாட்களுக்குக் கடை திறக்காது என்பதும் எங்கள் நினைவுக்கு வந்தன. "வந்தது வந்தோம், வெளிச்சத்தையாவது பாத்திட்டு வருவோம் தங்கச்சி" என்றார் ராத்தா.

முருங்கன் சந்தியைத் தாண்டி, மதவாச்சி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அங்கிருந்து வழி நெடுகிலும் வீட்டு வாசல்களில் வெசாக் கூடுகள் தொங்கின. மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, மெல்லிய கடதாசி ஒட்டி, உள்ளே ஒரு சிறிய மின்குமிழ். எட்டு மூலைகள் கொண்ட கூடுதான் அதிகம். ஓட்டு வீடானாலும் மண் வீடானாலும் ஒரு கூடு இல்லாத வாசல் இல்லை. அனுராதபுரத்தைக் கடந்து புத்தளத்தை நெருங்கும்போது ராத்தா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, கைக்குழந்தையோடு அவர் வந்து சேர்ந்த இடம் இது. கிடுகுக் கொட்டிலில் தொடங்கி இருபது வருடங்கள் அவர் இங்கே இருந்தார். சிங்களம் படித்ததும் இங்கேதான். "இந்த ரோட்டில ராவில ஒரு வெளிச்சம் கண்டா, அது எங்கட ஆக்கள்ட குப்பி விளக்காத்தான் இருக்கும்" என்றார். பிறகு கொழும்பு வரும்வரை அவர் பேசவில்லை.

மாளிகாவத்தையில் ராத்தாவின் உறவினர் வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுப் பிள்ளை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிக்கிறாள். போயா தினத்தன்று மாலை அவள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொம்பனித்தெருவில் இறங்கி, சனத்தோடு சனமாகப் பேர வாவியை நோக்கி நடந்தோம். தூரத்தில் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தது. வாவிக் கரையில் கங்காராமய விகாரை. தண்ணீருக்கு நடுவே சீமா மாலகய. பழைய மண்டபம் தண்ணீருக்குள் தாழ்ந்துபோன பின், 1970களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா இப்போதுள்ள மண்டபத்தை வடிவமைத்தார். அதற்குரிய செலவைக் கொடுத்தவர்கள் ஒரு முஸ்லிம் வர்த்தகரும் அவருடைய மனைவியும். இறந்துபோன தங்கள் மகனின் நினைவாகவே கொடுத்தார்கள் என்று பிள்ளை சொன்னாள். ராத்தா அந்த மண்டபத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கரை முழுவதும் விளக்குக் கூடுகள். சிரட்டையில் பூப்போலத் துளையிட்டு உள்ளே வெளிச்சம் வைத்திருந்தார்கள். எறிந்துவிடும் பிளாஸ்ரிக் போத்தல்களை வெட்டித் தாமரை செய்திருந்தார்கள். வைக்கோல், ஓலை, பழைய புத்தகத் தாள், மீன் வலை என்று எங்கள் வீட்டு மூலையில் கிடக்கும் பொருட்களெல்லாம் அங்கே அழகாக ஒளிர்ந்தன. தொட்டலங்கை, கிராண்ட்பாஸ், பொரளை போன்ற இடங்களில் வழமையாக எழும் பெருந்தோரணங்கள் வேறு வகை. மாடி வீட்டிலும் உயரமான சட்டத்தில் புத்தரின் முற்பிறப்புக் கதைகளைப் படங்களாக வைத்து, சுற்றிலும் ஆயிரக்கணக்கான மின்குமிழ்களைப் பூட்டியிருப்பார்கள். ஒலிபெருக்கி கதையைச் சொல்லச் சொல்ல, வெளிச்சம் ஓடும், சுழலும், விரியும். முன்பு இதற்கென ஒரு மர உருளை சுற்றிக்கொண்டிருக்குமாம். அதில் பதித்த செப்புத் தகடுகள் கம்பிகளைத் தொடும்போது ஒரு வரிசைக் குமிழ்கள் எரியும், விலகும்போது அணையும். இப்போது அந்த வேலையைச் சிறிய மின்னணுப் பலகை செய்கிறது.

திடீரென்று வாவிக்கு மேலே வெள்ளை வெளிச்சம் ஒன்று எழுந்தது. எதற்காக விட்டார்களோ தெரியாது. என் கால்கள் நின்றுவிட்டன. சகோதரிகளே, உங்களில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பரா லைற் வானத்தில் எழும்பினால், அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். 2007 செப்ரெம்பரில் சிலாவத்துறைப் பக்கம் சண்டை வந்த நாட்களில் பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு நடந்தபோது, முன்னால் போனவர்கள் சொன்ன ஒரே வார்த்தை, "ஒருத்தரும் நெருப்புப் பெட்டியத் தட்டாதேங்கோ" என்பதுதான். வெளிச்சம் என்றால் எங்களைக் காட்டிக்கொடுப்பது. இருட்டுத்தான் எங்களை மூடிக் காத்தது. ஊர் திரும்பி, மின்சாரமும் வந்த பிறகுகூட, பொழுதுபட்டால் நான் வெளி விறாந்தை லைற்றைப் போடுவதில்லை.

ராத்தா என் கையைப் பிடித்தார். "ஒண்டுமில்லை. இது பாக்கிறதுக்கு விட்ட வெளிச்சம்" என்றார்.

தன்சல் வரிசையில் எங்களையும் நிற்கவைத்தார்கள். சோறு கொடுத்தவர்கள் யார் எவரென்று கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மன்னார் என்று ராத்தா சொன்னார். "என்ர தம்பியும் மன்னாரில இருந்தவன்" என்று சொன்ன அந்த அம்மா, பிறகு சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அங்கே என்ன வேலையாக இருந்தார் என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போகும்போது என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

இரவு வாவிக் கரையில் இருந்து இளைப்பாறியபோது, பிள்ளை தன் படிப்பைப் பற்றிச் சொன்னாள். லண்டனில் 2003 முதல் ஆண்டுதோறும் வடிவமைப்பு விழா நடக்கிறதாம். புதிய விளக்குகளையும் தளபாடங்களையும் நகரமெங்கும் வைத்துக் காட்டுவார்களாம். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் மார்கழியில் நடக்கும் ஒளி விழாவின் கதை என் மனதில் நின்றுவிட்டது. 1852 டிசம்பர் 8ஆம் திகதி, குன்றின்மேல் மாதா சொரூபத்தைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். செப்ரெம்பரில் நடக்க வேண்டியது வெள்ளத்தால் தள்ளிப்போயிருந்தது. அன்றும் புயல் வந்தது. விழா நடக்காது என்று நினைத்திருக்க, மாலையில் வானம் வெளித்தது. சனங்கள் தாமாகவே தத்தம் வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தார்கள். இன்று உலகத்தின் பெரிய ஒளிக் கலைஞர்கள் வந்து அந்த நகரத்துக் கட்டடங்களில் வெளிச்சத்தால் ஓவியம் தீட்டுகிறார்கள். ஆனால் அதைத் தொடங்கியது வீடுகளில் இருந்தவர்களின் ஜன்னல் மெழுகுவர்த்திதான்.

"அன்ரி, நீங்க லைற்றையே பாக்கிறீங்க. லைற் எங்க விழுதெண்டு பாருங்க" என்றாள் பிள்ளை. அப்படிப் பார்த்தேன். மூடியில்லாத குமிழ் கண்ணைக் குத்தியது. அதன் கீழ் நின்றவர்களின் முகத்தில் கறுத்த நிழல் விழுந்தது. கடதாசிக் கூட்டுக்குள் இருந்த அதே அளவு வெளிச்சம் பரவி, முகங்களை மென்மையாகக் காட்டியது. விளக்குக் கூடு செய்பவரின் வேலை, வெளிச்சத்தைக் கூட்டுவது அல்ல, அதைப் பதப்படுத்துவது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் ஓலையை எவ்வளவு நெருக்கமாகப் பின்னுகிறோமோ அவ்வளவு குறைவாக வெளிச்சம் வரும். இடைவெளி விட்டால் சுவரெல்லாம் கோலம் விழும்.

பிறகு அவள் தன் கைபேசியில் ஒரு கடதாசி விளக்கின் படத்தைக் காட்டினாள். செய்தவர் இசாமு நொகுச்சி. தந்தை யப்பானியக் கவிஞர், தாய் அமெரிக்கப் பெண். தாயே அவரை வளர்த்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலிலிருந்து எழுப்பி முகாம்களில் அடைத்தது. நியூயோர்க்கில் இருந்த நொகுச்சி போகத் தேவையில்லாதவர். ஆனாலும் அந்த மக்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று 1942இல் தானாகவே அரிசோனாப் பாலைவனத்திலிருந்த முகாமுக்குப் போனார். அங்கே பூங்காவும் விளையாட்டிடமும் அமைக்க வரைபடங்கள் வரைந்தார். ஒன்றும் நிறைவேறவில்லை. வெளியே வர நினைத்தபோது உடனே விடவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்தார். முள்கம்பிக்குள் பெயர்ப் பதிவோடு நின்ற எங்களில் எவருக்கும் இது புதிய கதையல்ல.

போர் முடிந்து, 1951இல் அவர் யப்பானின் கிபு நகருக்குப் போனார். 1945இல் குண்டுவீச்சில் எரிந்த நகரம் அது. அங்குள்ள ஆற்றில் இரவில் படகின் முன்னால் தீக்கூடை எரித்து, நீர்க்காகங்களைக் கொண்டு மீன் பிடிப்பது பழைய வழக்கம். முசுக்கட்டை இன மரத்துப் பட்டையில் செய்த கடதாசியும் மூங்கிலும் கொண்டு விளக்குக் கூடு செய்வது அந்த ஊரின் தொழில். அது நலிந்திருந்தது. நகர மேயர் உதவி கேட்க, நொகுச்சி பழைய முறையை மாற்றாமல், மின்குமிழுக்கு ஏற்ற புதிய உருவங்களை வரைந்து கொடுத்தார். அந்த விளக்குகளுக்கு 'அக்காரி' என்று பெயர் வைத்தார். யப்பானிய மொழியில் ஒளி என்று பொருள். பாரமில்லாதது என்ற கருத்தும் அதில் உண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள். இன்றும் அந்த ஊரின் பட்டறையில் கையால்தான் செய்யப்படுகின்றன.

எங்கள் நாட்டிலும் இப்படியொருவர் உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர. போத்தல் விளக்குச் சரிந்து உடல் எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர் அவர். மாமைற் போத்தலின் குட்டையான உருவத்தைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. கட்டையாக, பாரமாக, தட்டையான பக்கங்களோடு, திருகு மூடி போட்டு ஒரு விளக்கை வடிவமைத்தார். இலகுவில் விழாது, விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 'சுதீப' என்ற அந்த விளக்கிற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

நான் பிள்ளையிடம் எங்கள் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னேன். மண்ணெண்ணெய் தடைப்பட்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோர்த்து நிறுத்துவோம். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. கொஞ்ச எண்ணெயில் ஒரு பிள்ளை இரவுப் பாடத்தைப் படித்து முடிக்கலாம். "இதை யார் கண்டுபிடிச்சது அன்ரி?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வடக்கில் எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சுடரில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அதைச் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

14ஆம் திகதி கடைக்குப் போனோம். குளிரூட்டிய அறையில் எங்கள் கூடுகள் தொங்கின. உள்ளே மஞ்சள் வெளிச்சம் வைத்திருந்தார்கள். இவ்வளவு அழகான பொருளையா நாங்கள் செய்தோம் என்று இருந்தது. பிறகு விலைச் சீட்டைப் பார்த்தேன். நாங்கள் 650 ரூபாவுக்குக் கொடுத்தது, அங்கே 6,800 ரூபா. சீட்டில் ஒரு வடிவமைப்பாளரின் பெயர் இருந்தது. கைவேலை என்றும் இருந்தது. எந்தக் கை என்று இல்லை.

கடைக்கும் செலவு உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். வாடகை, மின்கம்பி, குமிழ், சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கூட்டுக்கு எங்களுக்கு மூன்று நாள் வேலை. குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, வார்ந்து, சாயம் அவித்து, பின்ன வேண்டும். கம்பிச் சட்டத்திற்கு ஒட்டுக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும். கையில் மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்தால், கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போவதைவிடக் குறைவு. ராத்தா தன் சிங்களத்தில் மிகப் பணிவாக இரண்டு விடயங்கள் கேட்டார். ஒரு கூட்டுக்கு 1,200 ரூபா. சீட்டில் 'முசலிப் பெண்கள் பின்னியது, மன்னார்' என்ற ஒரு வரி. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கொண்டுபோன மாதிரிகளை வைத்துவிட்டு வந்தோம்.

ஊருக்கு வந்து குழுவைக் கூட்டினோம். அன்றைய கூட்டம் எளிதாக இருக்கவில்லை. "கேட்டுப்போட்டீங்களே, இனி ஒண்டும் வாங்கமாட்டாங்கள்" என்று ஒரு தங்கச்சி அழுதாள். அவளுக்குச் சங்கக் கடன் கட்ட இருந்தது. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கேட்பதற்கு முன் எல்லோரோடும் பேசியிருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம். மூன்று வாரங்களின் பின் பதில் வந்தது. பெயர் போடலாம், விலை 900தான், முப்பது வேண்டாம், பன்னிரண்டு போதும் என்றார்கள். அந்தப் பன்னிரண்டில் முதல் நான்கையும் அந்தத் தங்கச்சிக்கே கொடுத்தோம். மீதி ஓலையில் சிறிய கூடுகள் பின்னி ஆவணி மடுத் திருவிழாவுக்குக் கொண்டுபோனோம். எல்லாம் விற்கவில்லை. விற்ற காசில் அவளுடைய இரண்டு தவணை கட்ட முடிந்தது.

இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கு, நாங்கள் பட்டு அறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். ஓலைக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தியோ குப்பி விளக்கோ வைக்கவே கூடாது. பழைய இழைக் குமிழும் வேண்டாம். அது மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாகவே வெளிவிடும், ஓலை கருகும். 5 அல்லது 7 வாற் எல்ஈடி குமிழ் போதும். அதற்கும் ஓலைக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். ஓலை சரியாகக் காயாவிட்டால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். எங்களுக்கு ஆறு கூடுகள் அப்படித் திரும்பி வந்தன. செலவையும் நாளையும் கொப்பியில் எழுதி வையுங்கள். விலை பேசும்போது அந்தக் கொப்பிதான் பேசும்.

ஊரிலிருந்து கடற்கரையோரம் நடந்தால், ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையின் இடிந்த சுவர்களைக் காணலாம். முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யவே அதைக் கட்டினார். முத்துக் குளிப்புப் பருவத்தில் இந்தக் கரையில் கிடுகாலும் தடியாலும் ஒரு நகரமே எழும். 1905இல் மறிச்சுக்கட்டியில் பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். இரவில் கரைக்காற்று எழும்போது படகுகள் புறப்படும். பருவம் முடிந்தால் நகரமும் முடிந்தது, வெசாக் முடிந்த பேர வாவிக்கரை போல. முத்து யார் யார் கழுத்துக்கோ போனது. 1925க்குப் பின் பெரிய முத்துக் குளிப்பு நடக்கவில்லை. மாளிகையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. மூச்சடக்கி மூழ்கியவர்களின் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை. எங்கள் கூட்டின் சீட்டில் உள்ள அந்த ஒரு வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்களின் நினைவு வருகிறது.

விற்காமல் மிஞ்சிய கூடுகளில் ஒன்றை என் வீட்டு வெளி விறாந்தையில் கட்டினேன். முதல் நாள் லைற்றைப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் எழும்பிப் போய் அணைத்தேன். இரண்டாம் நாள் இரவுச் சாப்பாடு முடியும்வரை விட்டேன். மூன்றாம் நாள் அப்படியே தூங்கிப்போனேன். சுவரிலும் முற்றத்து மணலிலும் ஓலைப் பின்னலின் கோலம் விடியும்வரை கிடந்திருக்கிறது.

விடியற்காலையில் தொழிலால் திரும்பிய என் தம்பி, வலையை இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னான்:

"அக்கா, கரைக்கு வரேக்க உங்கட வீட்டு வெளிச்சம் தெரிஞ்சுது. அதைப் பிடிச்சுத்தான் வந்தனாங்கள்."